293318625600

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சீனிவாச இராமானுஜனின் பட்டியலிலிருந்து நழுவிய ‘உயர் பகு எண்’ இது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்ணே உயர் பகு எண். 6 வகுத்திகளை உடைய 12 எளிய உதாரணம்.

இவ்வெண்ணுக்கு 5,040 வகுத்திகள். 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும், 23-இல்தான் தடுக்கும். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5, 7, 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1. பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறுவதே இல்லை. உயர் பகு எண்கள் அனைத்துக்கும் இந்த இறங்குவரிசை பொருந்தும் என்று இராமானுஜன் நிறுவினார்.

சென்னைத் துறைமுக எழுத்தராக இருந்த அவர், சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகையுடன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழக இதழில் உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதன் அட்டவணை 6746328388800 வரை நீள்கிறது. கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு! விடுபட்டது இந்த ஒன்றுதான். வியப்பு என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் அந்தக் கடைசி எண்ணே கிடைக்கிறது.

அச்சேறாமல் நின்ற கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997-இல் வெளியானது. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் உயர்கணித நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.