தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு கிராமபோன் மேசை

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடைக்கு முன்னே வரும் புசல்லாவை, கோப்பிக் காலத்திலேயே தேயிலை வரலாற்றில் இடம்பிடித்த ஊர். டி வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தனர். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிடுவதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முந்திய சங்கதி இது. தேயிலையின் கதையை எழுதியோர் பலருண்டு. தேயிலை ஏறிப்போன பெட்டியின் கதையை நம்மவர் எவரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தப் பெட்டியின் பலகையில்தான் எங்கள் வீட்டுக் கிராமபோன் மேசை உருவானது.

கிராமபோனுக்கு மேசை தேவைப்பட்டதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆரம்பத்தில் அது பெரிய ஊதுகுழல் பூட்டிய பெட்டி. எங்கே வைத்தாலும் பாடும். 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பனி ஊதுகுழலை அலுமாரிக்குள் மறைத்து 'விக்ட்ரோலா' என்று விற்றது. அன்றிலிருந்து அது வீட்டுத் தளபாடமாயிற்று. 1931இல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரி சூட்கேஸ்போலத் தூக்கிச் செல்லக்கூடியது. அதற்கும் மேசை கட்டாயமில்லை. மின்சாரத்தில் சுழலும் தட்டு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. வசதி படைத்தோர் ரேடியோகிராம் வாங்கினர். மற்றவர்கள் சுழல்தட்டை மட்டும் வாங்கி வீட்டு வானொலியோடு வயரால் இணைத்துக்கொண்டனர். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இருப்பதைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லை. கையிலுள்ளதற்கு ஒரு மேசையைத் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

பெட்டிக்கு வருவோம். மூன்று மெல்லிய படலங்களை ஒட்டிய பலகை, உள்ளே ஈயத்தாள், ஓரங்களில் தகரப்பட்டி. எஸ்தோனியாவின் தலைநகரில் இருந்த லூதர் தொழிற்சாலையின் ஒட்டுப்பலகையை விற்பதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் 'வெனெஸ்டா' என்ற கம்பனி தொடங்கப்பட்டது. இலக்கியச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு ஓர் உபரித் தகவல்: தென்துருவப் பகுதிக்குப் போன ஷாக்கல்டன் குழுவினர் 1908இல் தங்கள் குடிலுக்குள் 'அவ்ரோறா ஆஸ்திராலிஸ்' என்ற நூலை அச்சிட்டு, உணவுப்பொருள் வந்த வெனெஸ்டாப் பெட்டிகளின் பலகையாலேயே அட்டை கட்டினார்கள். சில பிரதிகளின் அட்டையில் பெட்டியின் எழுத்துக்கள் இன்றும் தெரிகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல்கள் தடைப்பட, காலிக்கு அருகே கிந்தோட்டையில் நம் நாட்டுக்கென ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை அமைந்தது.

எங்கள் மேசையைச் செய்தவர் பக்கத்துத் தோட்டத்து ஆசாரி. கடைவீதியில் வாப்பாவின் கடைக்கு மாதக் கணக்கில் சாமான் வாங்க வருபவர். உடைந்த பெட்டிகளை வாப்பா கொடுக்க, "பலகை மெல்லிசு முதலாளி, பாட்டுப் போட்டா இதுவும் சேர்ந்து பாடும்" என்றாராம். அவர் சொன்னது சரி. ஒலிபெருக்கியின் அதிர்வு மெல்லிய பலகை வழியாக ஊசிக்கு ஏறும். ஊசி அதைத் திரும்ப ஒலிபெருக்கிக்கு அனுப்பும். கொஞ்ச நேரத்தில் ஊளைச்சத்தம் கிளம்பும். அதனால் கால்களுக்கும் சட்டத்துக்கும் கனமான பலாமரம் எடுத்தார். மேற்பலகைக்கு மூன்று பெட்டிப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வச்சிரம் போட்டு ஒட்டி, கருங்கல் ஏற்றி இரண்டு நாள் விட்டார். ஆணியே அடிக்கவில்லை, பொளிவாய் வெட்டி இறுக்கினார். வானொலியை மேசையில் வைக்கவேண்டாம், சுவரில் தனித்தட்டு அடியுங்கள் என்றும் சொல்லிவிட்டார். சைக்கிள் டியூப்பை வெட்டி, நான்கு மூலையிலும் சுழல்தட்டுக்கு அடியில் வைத்தார்.

மலைநாட்டு வீடுகளில் தரை மட்டமாக இருப்பது அரிது. சுழல்தட்டு சரிந்திருந்தால் ஊசி ஒருபக்கம் இழுபட்டுத் தட்டின் பள்ளத்தைத் தேய்க்கும், சிலவேளை பாட்டைத் தாண்டி ஓடும். நீர்மட்டக் கருவி அவரிடம் இல்லை. தட்டின் நடுவே சிறுவரின் கண்ணாடிப் போளையை வைத்து, அது உருளாமல் நிற்கும்வரை கால்களுக்கு அடியில் தகரத்துண்டுகளைச் செருகினார். கீழ்த்தட்டில் இசைத்தட்டுகள் நிமிர்ந்து நிற்க இடம்விட்டார். அரக்குத் தட்டுகளைச் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். புசல்லாவையின் பனிமூட்டத்தில் காகித உறைகள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பின்பக்கத்தை மூடவில்லை.

அந்தத் தட்டில் நாகூர் ஈ.எம். ஹனிபாவும் இருந்தார். சேலத்தில் பிறந்து நம் நாட்டில் புகழ்பெற்ற முகைதீன் பெய்க்கின் சிங்களப் பாட்டுகளும் இருந்தன. ஒலிப்பதிவில் குர்ஆன் கேட்கலாமா என்ற கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 1899இலேயே பத்தாவியாவில் செய்யித் உஸ்மான் போனோகிராப் பற்றி பத்வா எழுதியிருக்கிறார். 1961இல் கெய்ரோவில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் இசைத்தட்டுகளாக வெளிவரத் தொடங்கிய பிறகு பேச்சின் போக்கே மாறியது. எங்கள் வீட்டில் உம்மும்மா வேறொரு தீர்ப்பு வைத்திருந்தார்: பாட்டுக் கேட்கிற மேசையில் ரெஹால் பலகையை வைக்கக்கூடாது. கடைசிவரை வைக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று கணக்குப் போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஆசாரியின் குடும்பம் முதல் கணக்கில் சேர்ந்தது. தலைமன்னாருக்குப் புறப்படுமுன் லயத்தில் இருந்த தட்டுமுட்டுகளை விற்றார். உளி, இழைப்புளிகளை மட்டும் விற்கவில்லை. கடைக்கணக்கை முடிக்க வந்த அன்று, "நிலம் அசைஞ்சா போளையை வச்சுப் பாருங்க முதலாளி" என்றுதான் சொன்னாராம். அதற்குப்பின் தகவல் இல்லை.

1977இல் இறக்குமதி திறந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கசற் ரெக்கோடருடன் திரும்பினர். எங்கள் சுழல்தட்டின் ரப்பர் வளையம் தேய்ந்தது, மாற்று கிடைக்கவில்லை. 1990களில் தேயிலையும் பெட்டியைக் கைவிட்டுக் காகித மூடைகளுக்கு மாறத் தொடங்கியது. மேசை இன்னும் நிற்கிறது. இப்போது அதன்மேல் தண்ணீர் வடிகட்டி. மேற்பலகையின் அடிப்பக்கத்தில், கையால் தடவினால் தட்டுப்படாத, விளக்குப் பிடித்தால் மட்டும் தெரியும் கறுப்பு மையில் பெட்டியின் இலக்கமும் நிறையும் இருக்கின்றன. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.