ரஸ்கின் திட்டிய பாலம்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், வை ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் பேக்வெல். திங்கட்கிழமை சந்தை கூடும். அங்கிருந்து பேருந்தில் மான்சால் ஹெட் போய் இறங்கினால், கீழே பள்ளத்தாக்கில் ஐந்து வளைவுகளோடு ஒரு பெரிய கல்பாலம் தெரியும். 1863-ல் ரயிலுக்காகக் கட்டியது.

எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்துப் போனார். பக்ஸ்டனிலிருந்து பேக்வெல்லுக்குச் சீக்கிரம் போவதற்காக இப்படி ஒரு பள்ளத்தாக்கையே அழிப்பதா என்று எழுதினார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த ரயிலே 1968-ல் நின்றுவிட்டது! 1981-ல் தண்டவாளம் கிடந்த தடம் நடைபாதையானது. சுரங்கங்கள் மட்டும் பூட்டியே கிடந்தன. நடப்பவர்கள் குன்றேறிச் சுற்ற வேண்டியிருந்தது. 2011-ல் அவையும் திறந்தன.

பள்ளத்தாக்கைக் கெடுத்ததாகச் சொன்ன பாலம் இன்று சட்டம் பாதுகாக்கும் சின்னம். திரும்பப் பேருந்து தேவையில்லை. ரஸ்கின் வெறுத்த அதே தடத்தில் பேக்வெல்லுக்கு நடந்தே வந்துவிடலாம்.