நெசவு ஆசிரியர்

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்றான தேவிகாபுரத்தில் நெசவு வீட்டுக்குள் கைமாறி வந்த தொழில். அறுந்த இழையை முடிவது, அச்சில் பாவு கோப்பது, மிதிக்கும் காலுக்கும் நாடா வீசும் கைக்கும் இசைவு வருவது ஆகியவற்றைக் குழித்தறியின் பக்கத்திலிருந்தே பிள்ளைகள் பழகினர். இந்தக் கைத்திறனை வகுப்பறைப் பாடமாக்கி, அதைக் கற்பிப்பவருக்குத் தனித் தகுதி வகுத்தபோது நெசவு ஆசிரியர் என்ற பணி பிறந்தது.

1856-இல் சென்னை வேப்பேரியில் தொடங்கி, பின்பு சைதாப்பேட்டைக்கு மாறிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பொதுப் பாடங்களுக்கே ஆள் தயாரித்தது. கைத்தொழில் பாடங்களுக்கு வேறு வழி அமைந்தது. ஓவியம், தையல், இசை, கைத்தறி நெசவு போன்றவற்றுக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் லோயர், ஹையர் என இரு நிலைகளில் நடந்தன. தேறியவர்கள் கோடை விடுமுறையில் நடக்கும் குறுகிய காலத் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியில் கற்பிக்கும் முறையைப் படித்தனர். தொழில் தெரிவதும் அதைக் கற்பிக்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள் என்ற தெளிவு இந்த ஏற்பாட்டின் பெருஞ்சிறப்பு.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பையும் நெசவையும் பள்ளியின் நடுவில் வைத்தது. 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் உள்ளிட்ட நிறுவனங்கள் அந்த வழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தன. கணக்கும் அறிவியலும் தறியின் வழியே புரிய வேண்டும் என்பதால், ஆசிரியருக்குக் கைத்தொழிலோடு பாட அறிவும் தேவைப்பட்டது.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு திசையில் சென்றது. கிராமத் தொடக்கப்பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். நெசவாளர் பிள்ளையை நெசவிலேயே நிறுத்தும் ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எந்தக் குலத்துப் பிள்ளைக்கும் எந்தத் தொழிலையும் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பள்ளியில் இருப்பதற்கும் இந்தத் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது; நெசவியல் தொழில்நுட்பம் அதில் ஒரு பாடமாக இடம்பெற்றது. சிறப்பாசிரியர் பணியிலோ நெசவு பின்தங்கியது. 1,325 இடங்களுக்கு 2017-இல் நடந்த தேர்வு உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆகிய நான்குக்கு மட்டுமே.

1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தோன்றிய சமுதாயக் கல்லூரிகள், உயர்கல்வி எட்டாதவர்களுக்குத் தொழில்திறனையும் வாழ்க்கைத்திறனையும் சேர்த்துக் கற்பித்தன, களப்பயிற்சியும் தந்தன. நெசவு ஊர்களின் தேவைக்கு நெருங்கிய வடிவம் இது. ஆனால் அரசுப் பள்ளியில் ஆசிரியராவதற்கு அரசு வகுத்த ஆசிரியத் தகுதி தனியே வேண்டும். தொழில்நுட்பத் தேர்வும் குறுகிய காலப் பயிற்சியும் அந்த இடைவெளியைக் கடக்க அமைந்த பாலம். தறியில் பல்லாண்டு அமர்ந்த ஒருவர் தம் கைத்திறனுக்குச் சான்று பெற்று, கற்பிக்கும் முறையையும் படித்து, கரும்பலகை முன் நிற்க வழி செய்தது அதுவே.