தரையில் கிடக்கும் ஆப்பிள்

கேமமைல் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது நடுவே மஞ்சள் குமிழும் சுற்றிலும் வெண்ணிற இதழ்களும் கொண்ட ஒரு சிறு பூ. ஐரோப்பிய வயலோரங்களில் இதே தோற்றத்துடன் பூப்பவை பல. அவற்றுள் மருந்துச் சரக்காக நிலைத்தவை ரோமானியக் கேமமைல், ஜெர்மானியக் கேமமைல் என்னும் இரண்டு. இன்னொன்றோ தொட்டவர் கையைப் புண்ணாக்கக்கூடியது. இவற்றைப் பிரித்தறிய முயன்ற கதை, மனிதன் மூக்கையும் கண்ணையும் மாறி மாறி நம்பிய கதை எனலாம்.

பெயர் வைத்தது மூக்குதான். கிரேக்க மொழியில் 'கமாய்' என்றால் தரைமீது. 'மேலோன்' என்றால் ஆப்பிள். ஆப்பிள் மணத்தால் வந்த பெயர் இது என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். ஸ்பானிய மொழியிலும் இது 'மன்சனீயா', அதாவது சின்ன ஆப்பிள்.

1753இல் லின்னேயஸ் கண்ணை நம்பினார். ரோமானியச் செடியின் பூத்தளத்தில், சிறுபூக்களுக்கு இடையே மெல்லிய செதில்கள் உண்டு. ஜெர்மானியச் செடியில் அவை இல்லை. எனவே முன்னதை அந்தெமிஸ் பேரினத்திலும் பின்னதை மத்ரிகாரியா பேரினத்திலும் சேர்த்தார். அந்தெமிஸில் ஏற்கெனவே ஒரு குடித்தனக்காரர் இருந்தார். கோட்டுலா என்னும் அந்தக் களைச்செடி துர்நாற்றம் வீசுவது. வயல்களில் அறுவடை செய்தோரின் கைகளைக் கொப்புளிக்க வைத்தது. அதற்கும் செதில்கள் உண்டு என்பதால், மூக்கு விலக்கி வைத்ததைக் கண் உறவாக்கிவிட்டது. 1785இல் தூரின் நகரத்துத் தாவரவியலாளர் அல்லியோனி ரோமானியச் செடியைப் பிரித்துக் 'கமேமேலம்' என்ற பேரினத்தில் வைத்தார். பழைய ஆப்பிள் பெயருக்குள் திரும்பி வந்தது.

ஜெர்மானியச் செடியின் பெயரும் எளிதில் நிலைபெறவில்லை. லின்னேயஸ் கமோமில்லா, ரெகுடிட்டா என இரு பெயர்களை எழுதிவைத்தார். எது சரி என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஓயவில்லை. இன்று மத்ரிகாரியா கமோமில்லா என்பதே பரவலாக ஏற்கப்படுகிறது.

பெயர்கள் மாறினாலும் சோதனை எளிது. பூவின் மஞ்சள் குமிழை நெடுக்காகக் கிழித்துப் பார்த்தால், உள்ளே வெற்றிடம் இருப்பது ஜெர்மானியம். கெட்டியாக இருந்தால் ரோமானியமாகவும் இருக்கலாம், கோட்டுலாவாகவும் இருக்கலாம்; அப்போது முகர்ந்தே தீர வேண்டும். ஜெர்மானியப் பூவை நீராவியில் வடித்தால் ஆழ்ந்த நீல எண்ணெய் கிடைக்கும். பூவில் இல்லாத அந்த நீலம், வெப்பத்தில் பிறக்கும் கமாசுலீன் என்னும் பொருளால் வருவது.

தமிழில் இதற்குச் 'சீமைச் சாமந்தி' என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். அதில் ஆப்பிளும் இல்லை, மணமும் இல்லை. சீனத்துச் சாமந்திப்பூத் தேநீரும் கேமமைல் தேநீரும் ஒன்றே என்று நாம் மயங்க இதுவே போதும். அவை வெவ்வேறு செடிகள். பெயரை மட்டும் நம்பிக் கோப்பையை ஏந்தும்முன், ஒருமுறை முகர்ந்து பார்ப்பதில் நமக்கு நட்டமில்லை.