சிலம்பம்: ஒலி ஈன்ற பெயர்

கொரிய நாட்டுக் கலைக்கு 1955இல் சூட்டப்பட்ட ‘தேக்குவாண்டோ’ என்னும் பெயரில் உதைகாலும் குத்துக்கையும் பயிலும் நெறியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் சிலம்பத்தின் பெயரிலோ காலும் இல்லை, கையும் இல்லை, ஏந்தும் கம்புகூட இல்லை, இருப்பது ஒலி.

சிலம்புதல் என்றால் ஒலித்தல், அதிலும் எதிரொலி எழ ஒலித்தல். அவ்வினை பெயராகி, உள்ளே பரல் குலுங்கும் கால் அணிகலனைச் சுட்டிற்று. கூவினால் திரும்பக் கூவும் மலையைச் சுட்டிற்று. மலைநிலத் தலைவனும் சிலம்பன் ஆனான். மலையில் பிறந்த கலையாதலால் சிலம்பம் என்பார் ஒரு சாரார். காற்றைக் கிழிக்கும் கம்பின் இரைச்சலும், கம்போடு கம்பு மோதும் ஓசையுமே காரணம் என்பார் மற்றொரு சாரார். மலைக்கே அப்பெயர் எதிரொலியால் வந்தது என்று கொண்டால், இரு கருத்தும் ஓர் ஊற்றில் கலந்துவிடுகின்றன. ஆயினும் பின்னதே என் நெஞ்சுக்கு நெருக்கம். சொல்லிப் பாருங்கள்: ‘சி’யில் சீறல், ‘ல’வில் நாவின் சுழற்சி, ‘ம்ப’வில் மோதல், ஈற்று மகரத்தில் அடங்கும் அதிர்வு.

தூத்துக்குடிக் கரைக்கு இச்சொற்குடும்பத்தில் தனிப் பங்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல். பாண்டிய அரசி கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல். பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை, இன்று கடல் விலகிப்போய், இம்மாவட்டத்தில் உள்நாட்டு ஊராய் இருக்கிறது. இக்கரையில் முத்துக்குளிப்பைச் சலாபம், சிலாபம் என்றும் வழங்கினர். செவிக்குச் சிலம்பத்தின் தம்பி போலத் தோன்றினாலும், ஒலித்தல் என்னும் பொருளே அச்சொல்லில் இல்லையாதலால் உறவு கற்பித்துவிடாதீர்கள்.

கோயில் கொடையில் இக்கலை சிலம்பாட்டம். ஊர்வாயில் ‘கம்பு சுத்துறது’. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது, ஆட்டம் என்ற ஒட்டும் இன்றிச் சிலம்பம் என்றே நின்றது.

களத்துச் சொற்களும் சுவையானவை. வாத்தியாரையும் களத்தையும் வணங்கித் தொடங்கும் சலாம்வரிசையில் ‘சலாம்’ அரபு தந்தது, ‘வரிசை’ நம்முடையது; இரண்டும் உறுத்தாமல் ஒட்டிக்கொண்டன. காலடியை மாற்றி மாற்றி வைத்து, கம்புவீச்சால் தன்னைச் சுற்றி எவரும் நுழையவொண்ணா எல்லை வகுப்பதற்கு ‘வீடு கட்டுதல்’ என்று பெயர். கம்பையே தொட்டறியாதவர்களும் இன்று தெருச்சண்டையைச் சொல்லும்போது ‘வீடு கட்டி அடித்தான்’ என்கிறார்கள்.