வெந்நீர் வலிப்பு: ஒரு தொகைச்சொல்லின் வரலாறு

'வெந்நீர் வலிப்பு' என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதை எப்படி விரிப்பது? வெந்நீரால் வந்த வலிப்பு என்றா, வெந்நீரில் வெளிப்பட்ட வலிப்பு என்றா? பெங்களூரின் அரை நூற்றாண்டு நரம்பியல் ஆய்வு இந்த வினாவையே வேறு மொழியில் கேட்டுவந்திருக்கிறது.

இந்நோய் பற்றிய முதற்குறிப்பு 1945இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. பெங்களூரில் மருத்துவர் கே.எஸ். மணியும் குழுவினரும் 1968இல் முதற்கட்ட அறிக்கையையும், 1972இல் 60 நோயாளிகளைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டனர். 1988இல் நிம்ஹான்ஸைச் சேர்ந்த பி. சதீஷ்சந்திரா குழுவினரின் ஆய்வில் அவ்வெண்ணிக்கை 279 ஆயிற்று. பிற நாடுகளில் அரிதான நோய் இங்கே இத்தனை பேருக்கு ஏன் வருகிறது? தலைக்குக் குளிக்கும் முறையின்மீது ஐயம் விழுந்தது. 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரைச் சொம்பில் மொண்டு, இடைவிடாமல் தலையில் ஊற்றிக்கொள்வது இங்குள்ள வழக்கம். 'ஆல்' உருபே பொருந்துவதாகத் தோன்றியது.

ஆனால் அதே அண்டா நீரில் குளித்த பிறருக்கு ஒன்றும் நேரவில்லை. சில குடும்பங்களிலோ நோய் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களுடன் இணைந்து அக்குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தனர். 2017இல் எஸ்எல்சி1ஏ1 என்னும் மரபணுவில் அரிய மாற்றங்கள் இருப்பதை வெளியிட்டனர்.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று கிளர்த்தப் பயன்படுத்தும் முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். சுரந்த குளூட்டமேட் உடனுக்குடன் அகற்றப்பட்டால்தான் கிளர்ச்சி அடங்கும். அகற்றும் கடத்திப் புரதங்களுள் ஒன்று எஸ்எல்சி1ஏ1 மரபணுவிலிருந்து உருவாகிறது. வெப்பநிலை மாறினால் சுரத்தல், அகற்றல் இரண்டின் வேகமும் மாறும். மிகையாகக் கிளர்ந்த நரம்பணுக்கள் தாமும் வெப்பத்தைக் கூட்டும். அகற்றும் புரதம் குறைபட்ட மூளையில் திடீர்ச் சூடு இச்சமநிலையைக் குலைத்து வலிப்பாக முடியலாம் என்று கருத இடமுண்டு. எனினும் இம்மாற்றம் எல்லா நோயாளிகளிடமும் இல்லை. வேறு மரபணுக்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும்.

உருபைத் தேர்வது வெறும் இலக்கணச் சிக்கலன்று. வழக்கத்தை மட்டும் காரணமாக்கினால் ஒரு பண்பாடே குற்றவாளியாகும். மரபணுவை மட்டும் காரணமாக்கினால் 'குடும்ப நோய்' என்னும் பழி பெண் பார்க்கும் இடம்வரை தொடரும். மருத்துவமோ எளிது: பலருக்கு நீரின் சூட்டைக் குறைத்தாலே போதும், தேவைப்படுவோர்க்குக் குளிக்குமுன் குளோபசாம் மாத்திரை உதவுகிறது. இயல்பிலேயே உள்ள நாட்டம் வெந்நீரில் வெளிப்படுகிறது என்பதே இன்றைய சான்றுகளுக்கு இயைந்த விரிவு. 'இல்' என்னும் உருபு உடலுக்கும் இடமளிக்கிறது, ஊருக்கும் இடமளிக்கிறது.