சிலம்பு உணர்த்தும் ஊழ்வினை

தமிழில் எழுந்த காதற் காவியங்களுள் அவலத்தின் உச்சியைத் தொட்டது சிலப்பதிகாரம். மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட இந்நூல் உணர்த்தும் மூன்று உண்மைகளுள் ஒன்று, ஊழ்வினை தப்பாது வந்து தன் பயனை நுகரச்செய்யும் என்பது. இந்த ஊழ் யாது என்னும் வினாவிற்கு அருகநெறி தரும் விடையே காவியத்தின் உட்பொருளைத் திறக்கும் திறவுகோலாகும்.

கிரேக்க நாடகத்தில் ஈடிபசின் துன்பம் அவன் பிறக்குமுன்பே தெய்வவாக்கால் உறுதிசெய்யப்பட்டது. சேக்சுபியர் தம் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் முன்னுரையிலேயே காதலர் இருவரின் கேட்டிற்கு விண்மீன்களைக் காரணம் காட்டுகிறார். அங்கே விதி புறத்தேயிருந்து வந்து மாந்தரைத் தாக்குகிறது. சிலம்பில் வருவதோ அவரவர் செய்த வினை. அதனை எழுதி விடுத்த கடவுள் எவரும் இலர்.

பரதனும் சங்கமனும்

கோவலனுடைய இப்பிறவி வாழ்வில் அறச்செயல்கள் பல. யானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணரை மீட்டவன் அவன். கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியால் கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்குப் பொருளுதவி அக்குடும்பத்தை ஒன்றுசேர்த்தவனும் அவனே. அடைக்கலக் காதையில் இவற்றையெல்லாம் எடுத்துரைக்கும் மாடல மறையோன், இத்தகையோன் துன்புறுவது முற்பிறவியின் பயனோ என்று வியக்கின்றான்.

அதற்கு விடை கட்டுரைக் காதையில், மதுராபதித் தெய்வத்தின் வாய்மொழியாக வருகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்னும் இரு நகரங்களின் வேந்தர்கள் பகைகொண்டிருந்த காலம். சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரத்திற்கு வந்து வாணிகம் செய்தான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் அவனை ஒற்றன் எனப் பிடித்துக் கொடுத்துக் கொலையுறச் செய்தான். நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையுச்சியிலிருந்து வீழ்ந்து உயிர்விடும்போது, தமக்கு இத்துயர் செய்தோர் இதனையே அடைக எனச் சபித்தாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான்.

பரதன் விரதத்தினின்று நீங்கியவன் என்று காவியம் குறிப்பது அருகநெறியினர் ஊன்றி நோக்கத்தக்கது. வினையின் வித்து விழுந்த இடம் அதுவே. ஆராயாமல் சாட்டிய குற்றம் ஓர் உயிரை அன்று பறித்தது; ஆராயாமல் ஏற்ற குற்றச்சாட்டு ஓர் உயிரை மதுரையிலும் பறித்தது. நீலி அலைந்த பதினான்கு நாள் கண்ணகிக்கும் வந்தது.

வினையும் பொறுப்பும்

எல்லாம் வினை எனின் மனிதன் செய்வதற்கு யாது உண்டு? இவ்வினாவிற்குக் காவிய மாந்தரின் செயல்களே விடை பகர்கின்றன.

கண்ணகி முற்பிறவியில் ஒரு நோன்பில் தவறியதே அவள் துயருக்குக் காரணம் எனத் தேவந்தி கூறுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனை அடையலாம் என வழியும் சொல்கிறாள். அது பெருமை தருவதன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள்.

திருவரங்கத்தில் சாரணர் கவுந்தியடிகளுக்கு உரைத்த அறமும் இதுவே. இட்ட வித்து முளைத்தல்போல, வினை பயன்தரும் காலத்தில் அதனை விலக்க ஒண்ணாது. கட்டுண்ட வினை உதயத்திற்கு வந்தே தீரும். ஆயினும் புதுவினை ஊறாமல் செறித்தலும், பழவினையை உதிர்த்தலும் உயிரின் கையில் உள்ளன. ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்று நம் முன்னோர் கற்பித்த தத்துவம் இதுவேயன்றோ!

பாண்டியன் பிழைத்ததற்கும் வினை விளையும் காலம் வந்தமையே காரணம் என்கிறார் இளங்கோவடிகள். பாண்டியனோ அதனைத் தனக்குச் சாக்காகக் கொள்ளவில்லை. தானே கள்வன் என்று கூறி அரியணையிலேயே உயிர் நீத்தான்.

கவுந்தியடிகளின் முடிவு இன்னும் ஆழமானது. புகாரிலிருந்து வழித்துணையாக வந்து, கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தவர் அவர். கொலைச் செய்தி கேட்டுச் சீறிய அவரது சினத்தை மன்னன் உயிர் துறந்த செய்தி தணித்தது. பின்னர், இவர்தம் வினை தம்மோடு கூடியதனால் இவ்வாறு விளைந்ததோ என வருந்தி, உண்ணாநோன்பேற்று உயிர் நீத்தார். பிறர் துன்பத்தில் தம் பங்கு யாது எனத் தேடிய உள்ளம் அது.

நம் வீடுகளில் சிலம்பு

மதுரையில் இடைச்சி மாதரியின் இல்லத்தில், விருந்தினர் சாவக நோன்பினர் என்பதால் பகலிலேயே உணவு ஆகவேண்டும் என்று சமையலுக்கு உரியன விரைந்து தரப்படுகின்றன. காய்களும் கனிகளும் சாலி அரிசியும் கொண்டு கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தில் பரிமாறிய அவ்வுணவே கோவலனின் இறுதி உணவு. பொழுது சாயுமுன் உண்ணும் அவ்வொழுக்கம் இன்றும் தமிழ்ச் சமணர் இல்லங்களின் நெறியாக விளங்குகிறது.

உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருளைக் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினரிடம் கேட்டுத் தெளிந்தார். 1892இல் அவரது சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்தது. ஏட்டிலிருந்த பொருளை வீட்டில் வாழ்ந்து காத்தவர்கள் அக்குடும்பத்தினர்.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பெயர்ந்து கோவிலம்பாக்கம், தாம்பரம் முதலிய இடங்களில் வாழும் குடும்பங்களுக்கும் அக்கடமை உண்டு. துன்பம் வரும்போது “எல்லாம் விதி” என்று அமைந்துவிடுவது எளிது. சிலம்பு கற்பிப்பது அதுவன்று. ஒருவர்மேல் பழி சொல்லுமுன் ஆராய்தலும், கொண்ட விரதத்தில் வழுவாதிருத்தலும், தவறு நேர்ந்தவிடத்துத் தன் பங்கை ஏற்றலுமே அது கற்பிக்கும் அறம். பரதன் இவற்றுள் முதலிரண்டைக் கைவிட்டான். கவுந்தியடிகள் மூன்றாவதைத் தம் உயிர் கொடுத்து நிறைவேற்றினார். நம் பிள்ளைகளுக்குச் சிலம்பின் கதையைச் சொல்லும்போது, இவ்விருவரையும் அருகருகே வைத்துச் சொல்வோமாக.